கிருமி செய்த மருந்தும் அப்பாவின் ஐஸ் பெட்டியும்

பாம்பனில் இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் என் கையைத்தான் பார்க்கிறார்கள். ஊசி குத்திய தழும்பு தெரிகிறதா என்று. தொடையிலும் வயிற்றிலும்தான் போட்டுக்கொள்கிறேன் என்றால் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அடுத்த கேள்வி எல்லோருக்கும் ஒன்றே. "கிருமியில செஞ்ச மருந்துங்கிறாக, நெசமா?" பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று ஒருத்தருக்குச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருத்தர் பாதியில் வந்து சேர்கிறார். பாதி கேட்டவர்கள் தாங்களே மீதியைச் சேர்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என் வயிற்றுக்குள் பூச்சி வளர்க்கிறார்கள் என்று மீன் ஏலம் போடும் இடத்தில் ஒரு பேச்சு. எனக்குக் கல்யாணம் ஆனால் பிள்ளை கிருமியாகப் பிறக்கும் என்று இன்னொன்று. ஆகவே முழுவதையும் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

நான் மதுரையில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறவள். மரபணுவை வெட்டி ஒட்டும் பாடத்தைப் பரீட்சைக்காகப் படித்தேன். அந்தப் பாடமே பாட்டிலுக்குள் ஏறி என் வீட்டுக்கு வரும் என்று அப்போது தெரியாது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. விடுதியில் எனக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. மதுரை வெயிலில் யாருக்குத்தான் எடுக்காது என்று இருந்துவிட்டேன். வகுப்பு நடக்கும்போதே எழுந்து எழுந்து கழிப்பறைக்கு ஓடினேன். அவ்வளவு தண்ணீர் குடித்தால் அப்படித்தான் என்று அதற்கும் சமாதானம். சுடிதார் தொளதொளவென்று ஆனது. அறைத்தோழி, "என்ன சாப்பிட்டு இப்படி இளைக்கிற, எனக்கும் சொல்லு" என்று கேட்டாள். நன்றாகத்தான் சாப்பிட்டேன். சாப்பிட்டது எங்கே போனது என்றுதான் தெரியவில்லை.

விடுமுறைக்கு வீட்டு வாசலில் வந்து நின்றதும் அம்மா, "என்னடி இது, கருவாடாட்டம் வந்து நிக்கிற" என்றாள். பையை வாங்கப் பக்கத்தில் வந்தவள் மூக்கைச் சுருக்கினாள். "வாயில என்ன வாசம்? பழம் அழுகுன மாதிரி." மறுநாள் வாந்தி ஆரம்பித்தது. பிறகு மூச்சு. ஓடாமலே ஓடி வந்தவள் போல ஆழமாக இழுத்து இழுத்து விட்டேன். அப்பா வலை பிரித்துக்கொண்டிருந்தவர் அதை அப்படியே மணலில் போட்டுவிட்டு வந்து, தெருவில் போன ஒரு ஜீப்பை மறித்தார். பாலத்தின் மேல் போகும்போது காற்று முகத்தில் அடித்தது வரைக்கும்தான் எனக்கு ஞாபகம்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது இரண்டு கையிலும் குழாய். டாக்டரம்மா சின்ன வயசுக்காரர், வேகமாகப் பேசுகிறவர். அம்மா சொன்ன பழ வாசத்தை அவரும் முகர்ந்தே நோயைப் பிடித்துவிட்டாராம். அதன் பிறகு ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தது உறுதி செய்துகொள்ள.

எளிமையாகச் சொன்னால் இதுதான். நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் ஓடுகிறது. அந்தச் சர்க்கரை செல்லுக்குள் போகக் கதவு திறக்க வேண்டும். கதவைத் திறப்பது இன்சுலின். அதைச் செய்வது வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம். என் உடம்பின் காவல்காரர்களே ஏதோ குழப்பத்தில் அந்தக் கணையத்தின் இன்சுலின் செல்களை எதிரி என்று நினைத்து அழித்துவிட்டார்கள். வயதானவர்களுக்கு வரும் சர்க்கரை வேறு. அவர்களுக்கு இன்சுலின் இருக்கும், சரியாக வேலை செய்யாது. எனக்கு இல்லவே இல்லை. சர்க்கரை உள்ளே போகாததால் உடம்பு கொழுப்பை எரிக்கிறது. அதில் வரும் கழிவு ரத்தத்தை அமிலமாக்குகிறது. பழ வாசம் அந்தக் கழிவின் வாசம்.

"அப்ப மாத்திரை குடுங்க" என்றார் அப்பா.

"மாத்திரையில வேலை ஆகாது. இன்சுலின் புரதம். வாயில போட்டா வயிறு சாப்பாடுன்னு நெனச்சு செரிச்சிரும். ஊசிதான்."

"எத்தன நாளைக்கு?"

டாக்டரம்மா, "இருக்கிற வரைக்கும்" என்றார்.

அப்பா அதைக் காதில் வாங்காதவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் சிக்கல் ஊரைச் சேர்ந்த மாரியம்மா அக்கா. கருவேல முள் ஏறிய பாதம், சர்க்கரையால் ஆறாமல் பெரிய புண்ணாகிவிட்டது. அவருக்கும் இன்சுலின்தான். முதல்நாளே என்னைப் பார்த்து, "ஏத்தா, நான் அம்பது வருசம் கருப்பட்டி தின்னு வாங்குன நோவ நீ இந்த வயசுலயே எப்படி வாங்குன?" என்று கேட்டார். வார்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் அதுதான் என் முதல் சிரிப்பு.

சாப்பாட்டைச் சரியாக முடிக்காமல் விட்டதால் ஒரு மத்தியானம் எனக்குக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டியது. இன்சுலின் போட்ட பிறகு சாப்பாடு குறைந்தால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடும். ஏறினால் மெதுவாக ஆபத்து, இறங்கினால் உடனே ஆபத்து. நர்ஸைக் கூப்பிடக்கூட எனக்கு வாய் வரவில்லை. மாரியம்மா அக்காதான் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்து என் வாயில் திணித்தார். சர்க்கரை நோயாளியின் தலையணைக்கு அடியில் கருப்பட்டி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. டாக்டரம்மா மட்டும் மறுநாள், "மருந்துக்கு வச்சிருக்கீங்களா, தின்ன வச்சிருக்கீங்களா?" என்றார். "ரெண்டுக்குந்தான்" என்றார் அக்கா.

கொஞ்சம் தேறியதும் என் வாய் திறந்துகொண்டது. வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய மருந்தைக் காட்டி, இது எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று அக்கா கேட்டதுதான் தாமதம்.

முன்பெல்லாம் அறுத்த மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிழிந்தெடுத்தார்கள். எத்தனையோ பேரை அது பிழைக்க வைத்திருக்கிறது. ஆனால் ஒருவருக்கு வேண்டியதை எடுக்கவே மந்தை மந்தையாக வேண்டும். மனிதனுடையதோடு சின்ன வித்தியாசமும் உண்டு. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. இப்போது வருவது மனித இன்சுலினேதான், ஆனால் மனிதனிடமிருந்து எடுத்ததில்லை. பாக்டீரியாவைச் செய்ய வைத்து எடுப்பது.

"பாக்டீரியான்னா?" என்றார் அப்பா. அவர் அப்போதுதான் இட்லிப் பொட்டலத்தோடு வந்திருந்தார்.

"கண்ணுக்குத் தெரியாத கிருமிப்பா."

"கிருமியா?"

"கெட்ட கிருமி இல்ல. நம்ம குடலுலயே அந்தச் சாதி இருக்கு."

"சோறு திங்கிற நேரத்துல குடல எதுக்குடி எடுக்குற" என்றாள் அம்மா.

நான் விடவில்லை. அப்பாவுக்குப் புரியும் பாஷையிலேயே சொல்லலாம் என்று வலையைப் பிடித்தேன்.

"நண்டு கடிச்ச வலைய என்னப்பா செய்வீங்க?"

"கடிச்ச எடத்த வெட்டி எடுத்துட்டு ஒட்டுப் போடுவேன்."

"எப்படி வெட்டுவீங்க?"

"வலைக் கண்ணு பாத்துத்தான் வெட்டணும். வெட்டுன ஓரமும் ஒட்டப்போற துண்டோட ஓரமும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். இல்லாட்டி முடிச்சு விழாது."

"அதேதான்ப்பா."

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. அதில் ஒவ்வொரு துண்டும் ஒரு பொருளை எப்படிச் செய்வது என்ற குறிப்பு. அந்தத் துண்டுக்குப் பேர்தான் மரபணு. இன்சுலின் செய்யும் குறிப்பும் அதில் ஒன்று. பாக்டீரியாவுக்குள் வளையம் போலச் சின்னதாக ஒரு டி.என்.ஏ. உண்டு. அதை வெளியே எடுத்து, கத்தரி போல வேலை செய்யும் ஒரு நொதியால் வெட்டுகிறார்கள். மனித இன்சுலினின் குறிப்பை அதே மாதிரி ஓரம் வைத்துத் தயார் செய்கிறார்கள். ஓரமும் ஓரமும் பொருந்தி நிற்கும்போது இன்னொரு நொதி முடிச்சுப் போடுகிறது. ஒட்டுப் போட்ட வளையத்தைத் திரும்ப பாக்டீரியாவுக்குள் விட்டால், அது யாருடைய குறிப்பு என்று பார்க்காது. எழுதியிருப்பதைச் செய்யும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், பெரிய தொட்டி நிறைந்துவிடும். பிறகு பாக்டீரியாவை உடைத்து, இன்சுலினை மட்டும் பிரித்து, சுத்தம் செய்து பாட்டிலில் அடைக்கிறார்கள். ஈஸ்ட்டை வைத்துச் செய்கிறவர்களும் உண்டு. உயிரின் குறிப்பில் இப்படிக் கைவைத்துத் திருத்துவதற்குத்தான் மரபணுப் பொறியியல் என்று பெயர்.

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

"தடிச்ச நூலுல ஒட்டுப் போட்டா ஒட்டு கிழியாது பாப்பா. பக்கத்துக் கண்ணுதான் கிழியும். அதுவும் அன்னைக்கே தெரியாது, பொறவுதான் தெரியும்."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அதத்தாம்ப்பா விஞ்ஞானிகளும் பயப்படுறாங்க. புதுசா ஒண்ணு நுழைச்சா பக்கத்துல இருக்கிறது என்ன ஆகும்னு."

"அப்ப அவுகளுக்கே தெரியல. தெரியாமத்தான் ஒனக்கு ஏத்துறாக" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

"நல்லா வெளக்குன போ" என்றாள் அம்மா.

மாரியம்மா அக்காதான் பேச்சை வேறு பக்கம் இழுத்தார். "எங்க ஊர்லயும் இந்த மாதிரிப் பருத்தி வந்துருக்கு. புழு திங்காதாம்."

அது வேறு கிருமியின் குறிப்பு. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, புழுவுக்கு மட்டும் விஷமான ஒரு புரதத்தைச் செய்யும். அந்தக் குறிப்பைப் பருத்திக்குள் ஒட்டிவிட்டால் செடியே அதைச் செய்துகொள்ளும். கடித்த காய்ப்புழு சாகும். அக்காவின் வீட்டுக்காரர் முந்தின வருஷம் போட்டிருக்கிறார். "காய்ப்புழுவுக்கு மருந்து அடிக்கிற வேல கொறஞ்சது நெசந்தான். ஆனா சாறு உறிஞ்சுற பூச்சிக்கு அடிக்க வேண்டியிருந்துச்சு. வெதையும் வருசா வருசம் காசு குடுத்து வாங்கணும். வீட்டுல எடுத்து வைக்க முடியாது."

"விதையோட சின்னப் பொட்டலம் ஒண்ணு குடுத்திருப்பாங்களே, ஓரத்துல விதைக்கச் சொல்லி?"

"குடுத்தாக. அது பழைய பருத்தியாம், புழு திங்குமாம். திங்குறதுக்கு எதுக்கு வெதைக்கணும்னு அவுக மாட்டுக்குப் போட்டுட்டாக."

அந்தப் பொட்டலத்தின் வேலையே புழுவுக்குத் தின்னக் கொடுப்பதுதான். எங்கும் விஷச் செடியே இருந்தால், விஷத்தைத் தாங்கும் புழு மட்டும் பிழைத்து, அதன் பிள்ளைகளே பெருகும். ஓரத்தில் சாதாரணச் செடி இருந்தால் சாதாரணப் புழுவும் பிழைக்கும். அது விஷம் தாங்கும் புழுவோடு கலக்கும்போது வம்சம் அவ்வளவு சீக்கிரம் முரடாகாது. நான் இதைச் சொன்னதும் அக்கா, "இத வெதைக் கடையில ஒருத்தனும் சொல்லலயே" என்றார். பொருள் வந்து சேர்கிற வேகத்துக்கு அதன் விளக்கம் வந்து சேர்வதில்லை. இது எனக்கும் சீக்கிரமே தெரியவந்தது.

அன்று எனக்கு இன்னொன்றும் தெளிவானது. பருத்தியில் ஒட்டுப் போட்ட உயிரே வயலுக்கு வருகிறது. காற்றில் மகரந்தம் பறக்கும், பக்கத்து வயலுக்குப் போகும், திரும்பக் கூப்பிட முடியாது. அதைப் பல வருஷம் கண்காணித்தே ஆக வேண்டும். இன்சுலினில் ஒட்டுப் போட்ட உயிர் தொட்டியிலேயே நின்றுவிடுகிறது. வெளியே விட்டால் பிழைக்கத் தெரியாத வகையாகப் பார்த்துத்தான் வளர்க்கிறார்கள். எனக்கு வருவது அது செய்த பொருள் மட்டும். மரபணுப் பொறியியல் நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த ஒட்டு, எதில், எங்கே விடப்போகிறோம், கட்டுப்பாடு யார் கையில் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். எனக்குக் கிடைத்ததில் எனக்கு நன்மைதான் அதிகம். இதை அப்பாவிடம் சொல்ல ஆள் அனுப்பினேன். அவர் வாசலில் டீ குடித்துக்கொண்டு, "சரி சரி" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஊசி போட எனக்கும் அம்மாவுக்கும் கற்றுக் கொடுத்தார்கள். மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், வெயில் படக்கூடாது, ஊசி போடுமுன் உள்ளங்கையில் மெதுவாக உருட்ட வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

"குளிர்ச்சியா வைக்க எனக்கா சொல்லிக் குடுக்கணும்?"

எவ்வளவு சந்தேகம் இருந்தாலும் தன் பங்கைக் குறைவில்லாமல் செய்தார். ஏற்றுமதி இறாலுக்கு வாங்கிய தெர்மக்கோல் பெட்டிகளில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கழுவிக் காயவைத்தார். தினமும் ஐஸ் பேக்டரிக்கு நடந்துபோய்க் கட்டி வாங்கி வந்து, சாக்கில் கட்டி உடைத்தார். ரொம்ப தூரம் போகும் மீனுக்குச் செய்வது போல இடையிடையே கல்லுப்புத் தூவினார். உப்புப் போட்டால் ஐஸ் இன்னும் கடுமையாகக் குளிரும் என்பது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். நடுவில் மருந்துப் பாட்டில்களைப் புதைத்து மூடினார். வீட்டில் யாரும் பெட்டியைத் தொடக்கூடாது. காலையிலும் மாலையிலும் அவரே எடுத்து, தன் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, குளிர் விட்ட பிறகுதான் என் கையில் கொடுப்பார். "சில்லுனு ஏறுனா வலிக்கும்" என்பார். வலை இழுத்துக் காய்த்த கைகள் அவை. அந்த உள்ளங்கைச் சூட்டோடுதான் மருந்து எனக்கு வரும். நான் ஊசியை எடுக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஊசி தவறவில்லை, சாப்பாட்டில் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் தாகம் திரும்ப வந்தது.

சிறுநீரைச் சோதிக்க ஒரு நீலக் கரைசல் கொடுத்திருந்தார்கள். அதில் சில சொட்டு விட்டுச் சூடு காட்டினால், சர்க்கரை இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும். ஏற ஏறப் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். சமையல் அடுப்புப் பக்கமே வரக்கூடாது என்று அம்மா விரட்டியதால் மெழுகுவர்த்தியில் காட்டுவேன். ஊருக்கு வந்த புதிதில் பச்சை. பிறகு மஞ்சள். அப்புறம் செங்கல். மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். அப்போதும் செங்கல்தான். சோற்றைப் பார்த்தாலே குமட்டியது.

செபாஸ்தி மாமா, அம்மாவின் தம்பி, மண்டபத்திலிருந்து பார்க்க வந்தார். என்னைப் பார்த்ததும், "கிருமிக்குக் கிருமியே மருந்தாகுமா மச்சான்?" என்றார். அவருக்கு மண்டபம் பக்கத்தில் ஒரு வைத்தியரைத் தெரியும். வேர் கொடுப்பார், பத்தியம் உண்டு, ஒரு சேவல் கொண்டுபோக வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. இங்கிலீஷ் ஊசியை அடியோடு நிறுத்த வேண்டும்.

"நிறுத்துனா செத்துப்போவேன் மாமா" என்றேன்.

"போட்டும் அப்படித்தானத்தா இருக்க" என்றார் அவர். எனக்கே குழப்பம் வந்துவிட்டது. என் உடம்பு ஏற்கெனவே ஒரு தடவை தன்னுடையதையே எதிரி என்று நினைத்த உடம்பு. இப்போது இந்த மருந்தையும் எதிரி என்று நினைத்து அழிக்கிறதோ? ஒட்டின் பக்கத்துக் கண் என்பது நான்தானோ?

அப்பா, "நாளையிலேர்ந்து ஊசி வேணாம்" என்றார். சத்தம் போடவில்லை. கடலில் இனிமேல் மீன் இல்லை, திரும்புவோம் என்று சொல்வது போலச் சொன்னார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "பழ வாசம் வர ஆரம்பிச்சிருச்சு. மூச்சு வாங்குறதுக்குள்ள அந்த டாக்டரம்மாட்ட ஒரு தடவ காட்டிருவோம். வரும்போது மண்டபத்துல எறங்கி வைத்தியர்ட்டயும் போவோம். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சு போகும்." பிறகு தம்பியைப் பார்த்து, "நீ சேவல வாங்கி வையி" என்றாள்.

ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் போகும்போது ஐஸ் பெட்டி அப்பாவின் மடியில் இருந்தது. அவர் வேண்டாம் என்று முடிவு செய்த மருந்துதான். இருந்தாலும் வெயில் படாமல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா என் நாக்கைப் பார்த்தார், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார், முகம் சுருங்கியது. ஊசி போட்டீர்களா, எவ்வளவு, எங்கே, எந்த நேரம் என்று கேள்வி மேல் கேள்வி. எல்லாம் சரி.

"மருந்தக் காட்டுங்க."

அப்பா பெட்டியை மேசை மேல் வைத்துத் திறந்தார். உடைத்த ஐஸுக்குள் விரலை விட்டுப் பாட்டிலை எடுத்தார். வழக்கம் போல உள்ளங்கையில் தேய்க்க ஆரம்பித்தார்.

"எதுக்குத் தேய்க்கிறீங்க?"

"கல்லாட்டம் இருக்குங்கம்மா. எளக்கித்தான் பாப்பாட்ட குடுப்பேன்."

டாக்டரம்மா கையை நீட்டினார். அப்பா கொடுத்தார். அவர் பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பினார். உள்ளே எதுவும் அசையவில்லை.

"தெனமும் இப்படித்தானா?"

"தெனமும். சும்மா ஐஸ் இல்லம்மா, உப்புப் போட்ட ஐஸு. பன்னெண்டு மணி நேரம் ஆனாலும் எளகாது." அப்பாவின் குரலில் பெருமை இருந்தது. "ஒருநாள்கூட எளகவிட்டதில்ல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். இன்சுலின் புரதம் என்று வார்டு முழுக்கப் பாடம் நடத்தியவள் நான். அது என் கைக்கு வரும்போது எப்போதும் உருகி, அப்பாவின் கைச்சூட்டோடுதான் வந்தது. அடியில் பால் திரிந்த மாதிரி பொடிப்பொடியாகத் தெரிந்ததை, வழக்கமாக அடியில் படியும் மருந்துதான் என்று நினைத்து உருட்டி உருட்டிப் போட்டிருக்கிறேன்.

புரதம் என்பது ஒரு நூலைக் கணக்காக மடித்து வைத்த மாதிரி. அந்த மடிப்பில்தான் அதன் வேலை இருக்கிறது. உறைந்தால் மடிப்பு குலைந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். திரும்ப உருகினாலும் பழைய மடிப்பு வராது, வெந்த முட்டை பச்சை முட்டையாகாத மாதிரி. நான் உடம்பில் ஏற்றிக்கொண்டிருந்தது பெயருக்குத்தான் இன்சுலின்.

டாக்டரம்மா இதை அப்பாவிடம் பொறுமையாகச் சொன்னார். "மீன எவ்வளவு உறைய வைக்கிறீங்களோ அவ்வளவு நல்லது. இது அப்படி இல்ல. குளிரணும், உறையக்கூடாது. மண்பானைத் தண்ணிக்குள்ள ஒரு டப்பா மிதக்கவிட்டு அதுக்குள்ள வச்சாலே போதும். நாங்களும் அத வெவரமாச் சொல்லியிருக்கணும்."

அப்பா பெட்டியை மூடினார். மறுபடி திறந்தார். "அப்ப கிருமி செஞ்சதுனால இல்லையா?"

"பன்றியில எடுத்த பழைய மருந்தா இருந்தாலும் உங்க ஐஸுல இதே கதிதான் ஆகியிருக்கும்."

"கிருமி அதுக்குள்ள..."

"கிருமியே கெடையாதுங்க அதுல. அது செஞ்ச பொருள் மட்டுந்தான்."

என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். புதுப் பாட்டிலிலிருந்து ஊசி போட்டார்கள். நான் கூட்டியிருந்த அளவை டாக்டரம்மா உடனே குறைத்தார். கெடாத மருந்தை அந்த அளவுக்குப் போட்டால் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கிவிடும் என்றார். மாரியம்மா அக்கா இன்னும் அதே கட்டிலில்தான் இருந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "நாங்க வெதைய மாட்டுக்குப் போட்டோம், நீங்க மருந்த மீனாக்கிட்டீக" என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அவர் ராத்திரி முழுக்க வராந்தாவில் உட்கார்ந்தே இருந்தார் என்று அம்மா சொன்னாள்.

தாகம் நின்றது. மூச்சு சீரானது. அம்மா காலையில் என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, எனக்குத் தலைசீவ ஆரம்பித்தாள். பழ வாசம் போய்விட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வார்டில் ஒரு மூலையில் பழைய மாதிரி சர்க்கரை பார்த்தார்கள். என் சோதனைக் குழாயில் நீலம். வானத்து நீலமில்லை, துணிக்குப் போடுகிற நீலம் மாதிரி அடர்த்தியாக. அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். சிறுநீர் என்று அம்மா ஞாபகப்படுத்திய பிறகுதான் கீழே வைத்தார்.

ஊருக்குத் திரும்பும் பஸ் மண்டபத்தில் நின்றபோது செபாஸ்தி மாமா காத்திருந்தார். கையில் கால் கட்டிய சேவல். அது நல்ல சிவப்புச் சேவல், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எல்லோரையும் முறைத்தது.

"எறங்குங்க மச்சான். வைத்தியர் வீட்டுலதான் இருக்காரு, வெரசா போனாப் பாத்துறலாம்."

அப்பா இறங்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். அவருக்கு இருப்பது அலைக்கு மேலே கேட்கிற குரல். மெதுவாகப் பேசத் தெரியாது.

"மருந்து மேல குத்தம் இல்லடா. உப்புப் போட்டு ஒறைய வச்சுக் கெடுத்தது நான்."

பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா சேவலை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"அப்ப வைத்தியர்ட்ட என்ன சொல்ல?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ராமநாதபுரத்திலிருந்து ஏறியதும் நான் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். அவள் அதை அவரிடம் சொல்லியிருப்பாள் போல. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சேவலோட நீயும் ஏறு மாப்ள" என்றார் அப்பா. "அவளுக்குப் பசிக்குதாம்."